கடலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத முனைவோருக்கு

தொகுதி வரலாறு என்றதும் ஆண்டு, வென்றவர், கட்சி என்று ஓர் அட்டவணை போடுவதே வழக்கமாக இருக்கிறது. கடலூருக்கு அப்படிப் போட்டால், முதல் பொதுத் தேர்தலில் உழைப்பாளர் கட்சி சார்பில் வென்ற கோவிந்தசாமி கச்சிராயர் முதல் 2024இல் காங்கிரஸ் சார்பில் வென்ற விஷ்ணு பிரசாத் வரை பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும்; ஆனால் இந்தத் தொகுதி ஏன் இவ்வளவு அடிக்கடி கைமாறுகிறது என்பது அதிலிருந்து விளங்காது.

எனவே முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 வரை கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் ஆகியவற்றுடன் உளுந்தூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் இதில் அடங்கியிருந்தன. 2008ஆம் ஆண்டு தொகுதி எல்லைகளின் மறுவரையறையில் பின்னவை மூன்றும் விலகின. நெல்லிக்குப்பம் என்ற தொகுதியே இல்லாமல் போயிற்று. விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, திட்டக்குடி, நெய்வேலி ஆகியவை வந்து சேர்ந்தன. 1999இல் கடலூரில் வென்ற ஆதிசங்கர் 2009இல் கள்ளக்குறிச்சியில் வென்றார் என்பதை, ரிஷிவந்தியமும் சங்கராபுரமும் அந்தத் தொகுதிக்குப் போனதோடு சேர்த்தே படிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் 2004இன் வாக்கு விகிதத்தையும் 2009இன் விகிதத்தையும் அருகருகே வைத்து ஏற்ற இறக்கம் கணக்கிடுவது பெரும்பிழை. பலர் செய்வதும் அதைத்தான்.

எண்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். வாக்குச்சாவடி அளவில் பார்க்க விரும்பினால், சாவடிவாரியாக வாக்குகளைத் தரும் முடிவுத் தாளான படிவம் 20ஐத் தேடுங்கள். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியவை என்பதால் பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் கொண்டே ஒப்பிட வேண்டும். அஞ்சல் வாக்குகளைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

அடுத்தது கூட்டணி. என் பார்வையில் கடலூரின் திறவுகோல் இதுவே. 2009இல் காங்கிரசின் அழகிரி ஏறத்தாழ 23,500 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் 2014இல் அதிமுகவின் அருண்மொழித்தேவன் 2 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். அம்முறை திமுகவும் காங்கிரசும் பிரிந்து நின்றன என்பதை எழுதாவிட்டால், ஐந்தே ஆண்டுகளில் மக்களின் மனம் தலைகீழானதாகத் தோன்றும். 2019இல் அதிமுக அணியில் இருந்த பாமகவே இங்கு போட்டியிட, திமுகவின் ரமேஷ் 1.4 லட்சத்துக்கும் மேல் முந்தினார். 2024இல் அதிமுக இத்தொகுதியைத் தேமுதிகவுக்குக் கொடுக்க, பாமக அதிமுகவை விட்டுப் பாஜக அணியில் நின்றது. வித்தியாசம் சிறிதாக இருந்தால்தான் ஊசலாடும் தொகுதி என்ற இலக்கணம் இங்கே பொருந்தாது. பெரிய வித்தியாசத்திலேயே இத்தொகுதி அணி மாறியிருக்கிறது. ஆகவே அட்டவணையில் வென்ற கட்சிக்குப் பக்கத்தில், அந்தத் தேர்தலில் யாருடன் யார் நின்றார்கள் என்ற பத்தி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

வேட்பாளர்களையும் கவனியுங்கள். 1984, 1989, 1996 என மூன்று முறை வென்ற பி.ஆர்.எஸ்.வெங்கடேசனுக்குப் பிறகு இத்தொகுதியில் எவரும் இரண்டாம் முறை வென்றதில்லை. அவரும் மூன்றாம் முறை, காங்கிரசிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் வென்றவர் என்பதால், 1996ஆம் ஆண்டின் வரியில் அவருடைய கட்சியை வெறுமனே காங்கிரஸ் என்று எழுதிவிடாதீர்கள்.