அறை வாடகையில் எந்த வேளைச் சாப்பாடு அடங்கும்?

மூணாறுக்கோ ஊட்டிக்கோ ரூம் தேடினால் வாடகைக்குப் பக்கத்தில் இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று போட்டிருக்கும். இ.பி. என்றால் வெறும் அறை. சி.பி.யில் காலை டிபன் உண்டு. எம்.ஏ.பி.யில் டிபனோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஏ.பி.யில் மூன்று வேளையும். இதைப் பார்க்காமல் வாடகை குறைவென்று இ.பி.யைப் போட்டுவிட்டு, டிபனுக்கு பில் வந்ததும் ரிசப்ஷனில் மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு.

அதைவிடச் செலவு வைக்கும் தவறு, மூன்று வேளையும் கிடைக்கிறதே என்று ஏ.பி. எடுப்பது. மூணாறில் மதியம் ஒரு மணிக்கு நீங்கள் மாட்டுப்பட்டி அணையிலோ டாப் ஸ்டேஷனிலோ இருப்பீர்கள். சாப்பிடத் திரும்பினால் பாதி நாள் போச்சு, திரும்பாவிட்டால் கட்டிய காசு போச்சு. சாப்பிடாத வேளைக்குப் பொதுவாக யாரும் கழித்துத் தருவதில்லை. ஆலப்புழை படகு வீட்டில் மட்டும் மூன்று வேளையும் எடுப்பதுதான் சரி, காயல் நடுவில் வேறு எங்கே போவது?

இரவுச் சாப்பாடு விஷயத்தில் இடம்தான் முக்கியம். ஊட்டியில் சேரிங் கிராஸ் பக்கம் தங்கினால் சி.பி. போதும், நடந்துபோகும் தூரத்தில் ஓட்டல்கள். மசினகுடியில் காட்டோர ரிசார்ட் என்றால் எம்.ஏ.பி. எடுத்துவிடுங்கள். யானை நடமாடும் சாலையில் இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டா தேடிப் போக முடியாது. இரண்டு பேர் தங்கும் அறைக்கு சி.பி.யைவிட எம்.ஏ.பி. 1,600 ரூபாய் கூடுதல் என்றால், ஆளுக்கு 800 ரூபாய்ச் சாப்பாடு. அது பஃபேயா, அவர்கள் வைப்பதைச் சாப்பிடும் செட் மெனுவா, சைவத்தில் என்னென்ன என்று போனிலேயே கேளுங்கள்.

வாடகை பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆளுக்கும், ஐந்தாறு வயது தாண்டிய பிள்ளைக்கும் டிபன் தனிக் கணக்காக வரலாம். தண்ணீர் பாட்டில், அறைக்கு வரவழைக்கும் காபியெல்லாம் அநேகமாகத் தனி பில்தான்.

டிசம்பர் 24, 31 தேதிகளில் இன்னும் கவனம் வேண்டும். பல ரிசார்ட்டுகள் அன்றைக்கு 'காலா டின்னர்' (விசேஷ விருந்து) என்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாக்கும். எம்.ஏ.பி.யில் இருப்பவர்களிடமும் வித்தியாசத் தொகை கேட்பார்கள்.

அப்புறம், ரயில் தாமதமாகி இரவு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தால் சமையலறை மூடியிருக்கும். வழியிலேயே போன் செய்தால் சாப்பாடு எடுத்து வைப்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புபவர்கள் டிபனைப் பார்சலாகத் தரச்சொல்லி முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.