4 ஜிபி பெட்டியில் கிட்லேப்: 502 வந்தப்ப செஞ்சது

பாளையங்கோட்டை ஆபீஸில் 4 ஜிபி ராம் உள்ள சர்வர் பெட்டியில்தான் கிட்லேப் (டீமோட கோடைச் சேமிச்சு வைக்கிற மென்பொருள்) ஓடுது. கரண்ட் போய் வந்தா சில நிமிஷம் 502 (பின்னால ஓடுற சர்வர் பதில் தரலைங்கிற பிழை) காட்டும். பூமா (கிட்லேப்போட வெப் சர்வர்) எழும்ப அவ்வளவு நேரமாகும், பதறி ரீஸ்டார்ட் அடிக்க வேண்டாம். மத்தியானம் வந்த 502தான் வேற. கெர்னல் லாக்கில் பார்த்தா, மெமரி தீர்ந்து கெர்னலே பூமாவைக் கொன்னிருக்கு.

முதல்ல 4 ஜிபி ஸ்வாப் (ராம் பத்தாதப்ப டிஸ்க்கில் எடுத்துக்கிற இடம்) போட்டேன். அப்புறம் கிட்லேப்.ஆர்பி செட்டிங்ஸ் கோப்பில் பூமா வொர்க்கர் 0 (ஒரே ப்ராசஸா ஓடும், ஓடாதுன்னு அர்த்தமில்லை), சைட்கிக் (பின்னணி வேலைகளை ஓட்டுறது) கன்கரன்சி, அதாவது ஒரே நேரத்தில் ஓடுற வேலை, 10, ப்ரோமீதியஸ் கண்காணிப்பு ஆஃப். ரீகான்ஃபிகர் கட்டளை (செட்டிங்ஸை அமலுக்குக் கொண்டுவர்றது) ஓட்டாம கோப்பை சேவ் மட்டும் பண்ணினா ஒண்ணும் மாறாது.

கோப்பைத் திறந்த கையோட பேக்கப் கீப் டைமையும் (பேக்கப்பை எவ்வளவு நேரம் வெச்சிருக்கணும்ங்கிறது) பாருங்க. அது நொடிக்கணக்கு: ஏழு நாளுக்கு 604800. வெறும் 7ன்னு போட்டா, அடுத்த பேக்கப் ஓடும்போது பழசெல்லாம் காலி. ரகசியச் சாவிகள் இருக்கிற சீக்ரெட்ஸ் ஜேசன் கோப்பு பேக்கப்பில் வராது. தனியா எடுத்து வைக்கணும்.