வீடுகளுக்கு நடுவே கோழி, ஆடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெருக்கமான தெருவில் கோழியோ ஆடோ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கூண்டு, தீவனம், இனம் என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். எச்சத்தை என்ன செய்வது என்று மட்டும் யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டால்தான் அமோனியா கிளம்பும். சாரல் அடிக்கும் கூண்டு, ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, சுத்தம் என்று நினைத்துத் தினமும் தரையைக் கழுவிவிடுவது, மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். தரையில் உமியோ மரத்தூளோ நாலைந்து அங்குலம் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, நனைந்த இடத்தை உடனே அள்ளிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிறகு குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அது இரவு முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

வெப்பமான நாட்களில் ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக 7 முதல் 10 நாட்கள் போதும். அதனால் வாரம் இருமுறை எச்சத்தை அகற்றுவது நல்லது. அள்ளியதை மதிலோரம் குவிக்காமல், மூடியுள்ள தொட்டியில் காய்ந்த இலைகளோடு கலந்து மக்க விடுங்கள். பச்சை எச்சத்தைக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது. சால்மோனெல்லா கிருமி அதில் இருக்கலாம்.

அடுத்தது சேவல். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளை வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகிவிடும். கூண்டை இருட்டாக்கினால் கூவாது என்று நம்பாதீர்கள். மாறாத மங்கலான வெளிச்சத்தில் வைத்தாலும் உடலுக்குள் ஓடும் கடிகாரப்படி சேவல் கூவும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

ஒற்றை ஆடு வளர்ப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆடு மந்தையாக வாழும் பிராணி, துணை இல்லாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டுக்கு இடமில்லை என்றால் ஆடே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மீந்த சோற்றையும் மாவையும் அதற்கு அள்ளி வைக்காதீர்கள். அசை போடும் வயிற்றில் அமிலம் பெருகி ஆடு செத்தும் போகலாம். பாசத்தோடு ஊட்ட வரும் அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சாதாரண கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பிவலை போடுங்கள். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைத்தால் எலி அண்டாது. புதிதாக வாங்கும் கோழியை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பாருங்கள்.

எத்தனை பிராணிகள் வளர்க்கலாம், மதிலிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதற்கெல்லாம் பல இடங்களில் விதி உண்டு. வாங்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கோழி ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் நன்றாக இடும். அதன் பிறகும் சில வருடம் உயிரோடு இருக்கும். அப்போது அதை வைத்துக் காப்பாற்றுவதா, வேறு என்ன செய்வது என்று குஞ்சு வாங்கும்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பலர் அதைப் பேசாமல் விட்டு, கிழட்டுக் கோழியைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். கூண்டில் வளர்ந்த பறவை அங்கே ஒரு ராத்திரி தாங்குவதே அரிது.