வேளைச் செபம் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்புகழ்மாலை, அதாவது நாளின் குறிப்பிட்ட வேளைகளில் விவிலியத்தின் திருப்பாடல்களைக் கொண்டு கத்தோலிக்கத் திருச்சபை சொல்லும் வேளைச் செபம், சொல்லலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதல் நாளே எல்லா வேளைகளையும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர்களால் அப்படி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. காலைச் செபமும் மாலைச் செபமும்தான் முதன்மையானவை என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1963இல் சொல்லிவிட்டது. அந்த இரண்டோடு தொடங்குங்கள். இது குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியது என்று ஒதுங்கவும் வேண்டாம். குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரையும் அதே சங்கம் அழைத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய தவறு, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துவைத்து இரவில் மொத்தமாகச் சொல்லி முடிப்பது. கடனை அடைத்த நிம்மதி கிடைக்கலாம், ஆனால் வேளைச் செபத்தின் உயிரே வேளையில்தான் இருக்கிறது. காலைச் செபத்தில் வரும் செக்கரியாவின் பாடல், இருளில் இருப்போர்மேல் ஒளி வீசும் விடியலைப் பாடுகிறது. அதை இரவு பத்து மணிக்குச் சொன்னால் எப்படி ஒட்டும்? போனது போகட்டும். இப்போது எந்த வேளையோ அதைச் சொல்லுங்கள். இரவுச் செபம் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நள்ளிரவு தாண்டினாலும் படுக்கப் போகும்முன் சொல்லலாம். கோயிலுக்குப் போக முடியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். தொலைவில் வேலை செய்யும் துறவிகள் அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே மண்டியிட்டுச் செபிக்கட்டும் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் துறவிகளுக்கான தம் ஒழுங்கு நூலில் எழுதியிருக்கிறார்.

அப்புறம், வேகம். திருப்பாடல் வரிகள் பெரும்பாலும் இரண்டு பாதியாக நிற்கும். "ஆண்டவரே என் ஆயர்" என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, "எனக்கேதும் குறையில்லை" என்று தொடருங்கள். பல மடங்களில் இன்றும் இப்படித்தான் பாடுகிறார்கள். நேரம் இல்லையென்றால் ஒரே ஒரு திருப்பாடலை நிதானமாகச் சொன்னாலும் போதும்.

மனநிலைக்குப் பொருந்தவில்லை என்று திருப்பாடலை மாற்றிக்கொள்வதும் வேண்டாம். வெள்ளி இரவுக்கு உரியது 88ஆம் திருப்பாடல். ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடும். உங்களுக்கு அன்று மகிழ்ச்சியான நாளாக இருக்கலாம். ஆனால் அதே இரவில் மருத்துவமனை வராந்தாவில் யாரோ ஒருவர் செபிக்கவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்காக அதைச் சொல்லுங்கள்.

காலை, நண்பகல், மாலை என மரியாவை நினைத்துச் சொல்லும் மூவேளைச் செபத்தையும் சொல்கிறவர்களுக்கு ஒன்று: உயிர்ப்புப் பெருவிழா முதல் பெந்தக்கோஸ்து வரை அதற்குப் பதிலாக "விண்ணக அரசியே" என்ற மரியா செபத்தைச் சொல்ல வேண்டும், அதையும் நின்றுகொண்டே.