ஹாஜியாரின் பழைய மெமோக் கோப்பை சி மொழியில் திறப்பது

மருதமுனையில் கைத்தறிச் சாரம் மொத்தமாக விற்கும் ஹாஜியார் ஒருவரின் பழைய கணக்கெல்லாம் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் கிடக்கிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது டிபிஎஃப் கோப்பில். "பெருநாளுக்குப் பிறகு தருவாராம்" போன்ற குறிப்புகள் அதே பெயருள்ள எஃப்பிடி என்ற மெமோக் கோப்பில். "தம்பி, எனக்கு அந்தக் குறிப்புத்தான் வேணும்" என்றார்.

மெமோக் கோப்பை மட்டும் திறந்து பயனில்லை. எந்தக் குறிப்பு யாருடையது என்பதை டிபிஎஃப்பில் உள்ள பிளாக் எண்தான் (குறிப்பு மெமோக் கோப்பின் எத்தனையாவது துண்டில் தொடங்குகிறது என்பது) சொல்லும். ஆகவே முதலில் டிபிஎஃப்பின் முதல் பைட்டைப் பாருங்கள். தசம எண்ணில் 131 என்றால் மெமோ உள்ள டிபேஸ் 3 (இதுவும் ஒரு பழைய தரவுத்தள மென்பொருள்), 245 என்றால் ஃபாக்ஸ்புரோ 2, 48 என்றால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. பைட்டை 'அன்சைன்ட் சார்' ஆகவே வாங்குங்கள். வெறும் 'சார்' என்றால் பல கம்பைலர்களில் 245 என்பது -11 ஆகிவிடும்.

கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனில் 'ஆர்பி' (பைட்டுகளை அப்படியே வாசிக்கும் முறை) கட்டாயம். விண்டோஸில் 'பி'யை விட்டால், 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று வாசிப்பு நின்றுவிடும். டிபேஸ் 3 குறிப்புகள் முடிவதே அந்த 26இல்தான்! 'டபிள்யூ' பக்கம் போகவே வேண்டாம், இருக்கும் கோப்பை அழித்துவிடும். நகலில் வேலை செய்யுங்கள்.

டிபிஎஃப்பில் புல விவரங்கள் (0இலிருந்து எண்ணினால்) 32ஆம் பைட்டில் தொடங்கும், ஒவ்வொன்றும் 32 பைட். அதற்குள் 11ஆம் இடத்தில் 'எம்' இருந்தால் மெமோ; 16ஆம் இடத்தில் நீளம். நீளம் 10 என்றால் பிளாக் எண் இலக்கங்களாக எழுதப்பட்டிருக்கும். சரம் முடிந்ததைக் காட்டும் பூச்சிய பைட் முடிவில் இருக்காது, 11 பைட் இடத்தில் நகலெடுத்து அதை நீங்களே வைத்த பிறகு, இலக்கங்களை எண்ணாக மாற்றும் ஏடோஐயிடம் கொடுங்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் அது 4 பைட் எண், சிறிய பைட் முதலில். வெற்றிடமோ 0வோ என்றால் குறிப்பே இல்லை.

டிபேஸ் 3 எளிது: பிளாக் எண்ணை 512ஆல் பெருக்கி, மெமோக் கோப்பில் அந்த இடத்துக்கு எஃப்சீக் செய்து, 26 வரும்வரை வாசித்தால் சரி.

எஃப்பிடியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிளாக் அளவு அதன் 6, 7ஆம் பைட்டுகளில் இருக்கிறது. பெரும்பாலும் 64, ஆனால் நம்பி எழுதாதீர்கள். 512க்குப் பதில் இதனால் பெருக்குங்கள். குறிப்பின் தலையில் 8 பைட்: முதல் நான்கு வகை (1 என்றால் எழுத்து), அடுத்த நான்கு நீளம். இந்தக் கோப்பில் எல்லாமே பெரிய பைட் முதலில். ஸ்ட்ரக்ட்டில் நேராக எஃப்ரீட் செய்தால் இன்டெல் கணினியில் 40 எழுத்துக் குறிப்பின் நீளம் 67 கோடியைத் தாண்டும். பைட் பைட்டாக வாங்கி 24, 16, 8 என இடப்பக்கம் நகர்த்திச் சேருங்கள். அப்புறமும் நீளத்தைக் கோப்பின் அளவோடு ஒப்பிட்ட பின்பே மால்லாக்கில் நினைவிடம் கேளுங்கள். பழைய டிஸ்கில் எதுவும் கெட்டிருக்கலாம்.

வந்த எழுத்து ஆங்கிலக் குப்பை போல இருந்தால் நிரலைக் குறை சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை ஏராளம். யுனிகோடுக்கு மாற்றும்போது 'கொ', 'கோ' போன்ற நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.