4 எம்பி ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: என் அனுபவம்

என் மலிவு விலை ரவுட்டரில் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பியும் ரேம் 32 எம்பியும் மட்டுமே இருந்ததால், இத்தகைய கருவிகளை ஆதரித்த கடைசிப் பதிப்பு வரிசையான ஓப்பன்டபிள்யூஆர்டி (தயாரிப்பாளரின் மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றும் லினக்ஸ் இயங்குதளம்) 19.07-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஆயத்த இமேஜை (ரவுட்டரில் ஏற்றும் முழு மென்பொருள் கோப்பை) ஏற்றியபின் வேண்டாத மென்பொருள் தொகுப்புகளை நீக்கி இடம் பிடிக்கலாம் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் அவை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும், படிக்க மட்டுமே இயலும் பகுதியில் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் நீக்கினாலும் இடம் மிஞ்சாது. நீக்கியதைக் குறித்துவைக்கவே எழுதக்கூடிய பகுதியில் சிறிது செலவாகும். ஆகவே கணினியில் இமேஜ் பில்டரை (வேண்டிய தொகுப்புகளை மட்டும் கொண்டு இமேஜை உருவாக்கும் கருவியை) இயக்கி, என் இணைப்புக்குத் தேவைப்படாத பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையத்தில் இணையும் முறை) தொகுப்புகளின் பெயர்களுக்கு முன் கழித்தல் குறியிட்டு விலக்கி, லூசி இணைய இடைமுகத்தையும் சேர்க்காமல் (கட்டளைகளைத் தட்டி ரவுட்டரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் ஒன்றே போதும் என்பது என் கருத்து) புதிய இமேஜை உருவாக்கினேன். அதன் ஃபேக்டரி கோப்பை (தயாரிப்பாளரின் மென்பொருள் உள்ள ரவுட்டரில் முதன்முறை ஏற்றுவதற்கானது) ஈதர்நெட் கம்பி வழியே ஏற்றி, 192.168.1.1 முகவரியில் நுழைந்து, கடவுச்சொல் அமைத்தபின், இயல்பாக அணைந்திருக்கும் வைஃபையை இயக்கினேன்.