உயிராய்ப் பார்த்த தொடர் கடைசியில் ஏமாற்றினால் எப்படி விமர்சனம் எழுதுவது

அண்ணன் டீன், தம்பி சாம் இருவரும் பேய் பிசாசுகளை வேட்டையாடுகிற அமெரிக்கத் தொடர் சூப்பர்நேச்சுரல். அதன் கடைசி எபிசோட் 2020 நவம்பர் 19 அன்று வந்தது. 2005-ல் ஆரம்பித்து 15 சீசன், 327 எபிசோட். இப்போதும் யாராவது ஒருவர் அதை முதல் தடவையாகப் பார்த்து முடித்த சூட்டில் "குப்பை", "இத்தனை வருஷமும் வீண்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் "குப்பை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இன்னொரு ரசிகர் என்ன செய்வார்? எது கெட்டது, எங்கே கெட்டது, ஏன் நமக்கு வலித்தது என்று சொன்னால்தான் அது விமர்சனம். நான் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். நான் எழுதும் முறையை இங்கே சொல்கிறேன். உதாரணம் முழுக்க அந்தக் கடைசி எபிசோடிலிருந்துதான். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த முறையை நான் எங்கள் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான், கற்றேன். அப்பாயி (அப்பாவின் அம்மா) இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மழைக்காலத்தில் கரண்ட் போனால் லயத்து வாசலில் பேய்க்கதை தொடங்கிவிடும். கதை சொல்கிறவரைச் சும்மா விடமாட்டார்கள். "எந்த இடத்துல பார்த்த?" "அது ஏன் உன்னைய மட்டும் மறிச்சுச்சு?" "கையில இரும்பு இருந்துச்சா?" எல்லாம் கேட்ட பிறகு அப்பாயி கடைசியாக ஒன்று கேட்பார்: "அப்புறம் அந்த வீட்டாளுக என்ன ஆனாங்க?" இதற்குப் பதில் இல்லை என்றால் அவர் எழுந்து போய்விடுவார். பேயை நம்பாமல் எழுந்து போகிறவர் இல்லை, கதை முடியவில்லை என்பதால்தான் போவார்.

இந்த நான்கு கேள்வியை வைத்துக்கொண்டு எந்தப் பேய்த் தொடரின் எந்த எபிசோடையும் பார்க்கலாம்.

பார்த்த ராத்திரியே எழுதி வெளியே போடாதீர்கள். எழுதுங்கள், ஆனால் உங்களுக்கென்று எழுதி வையுங்கள். அழுகை, ஆத்திரம், திட்டு எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். இரண்டாம் தடவை பார்த்த பிறகு அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இது துக்கமா, குறையா? டீன் செத்துப்போனது துக்கம். டீன் செத்துப்போனதே குறை என்று எழுத வேண்டுமானால், அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

எனக்கு அந்தக் காரணம் கிடைக்கவில்லை. முந்தின எபிசோடில் கடவுளையே தோற்கடித்த அண்ணன் தம்பி, ஒரு பழைய கொட்டகையில் ரத்தக்காட்டேரிக் கூட்டத்தோடு மோதுகிறார்கள். அந்த மோதலில் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி டீனின் முதுகில் ஏறுகிறது. "இவ்வளவு பெரிய ஆளுக்கு இப்படியா சாவு?" என்று பலர் கொதித்தார்கள். எங்கள் பக்கத்தில் அதிகாலையில் வேலைக்குக் கிளம்பி நடந்த மனிதர்கள் யானைக்கு எதிரே மாட்டிப் போயிருக்கிறார்கள். பல வருஷம் அதே பாதையில் நடந்தவர்கள்தான். சாவு ஆளின் பெருமையைப் பார்த்து வருவதில்லை என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கம்பியை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்களுக்கு ஏற்க முடியவில்லை என்றால் அதையும் எழுதலாம், ஆனால் "எனக்கு" என்று சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது விதி, அதாவது லயத்து இரும்புக் கேள்வி. பேய்க்கதையில் எதுவும் நடக்கலாம் என்பது தவறான நினைப்பு. இந்தத் தொடர் முதல் சீசனிலேயே விதியைப் போட்டுவிடுகிறது. உப்பால் கோடு போட்டால் ஆவி அதைத் தாண்டாது. இரும்பு பட்டால் கலைந்துபோகும். எலும்பில் உப்புப் போட்டு எரித்தால் அடங்கும். ரத்தக்காட்டேரிக்குத் தலையை வெட்ட வேண்டும். நான் இதை அப்பாயிக்குச் சொன்னபோது, "இரும்பு சரிதான், பிள்ளை பெத்தவ தலமாட்டுல நாமளும்தான் வைக்கிறோம்" என்றார். எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் இப்படி விதிகளை எழுதி, எபிசோட் அதில் எதை மீறுகிறது என்று பாருங்கள். கடைசி எபிசோட் இவற்றில் எதையும் மீறவில்லை. வெட்டு விழுகிற இடத்தில் சரியாகத் தலைதான் போகிறது.

மனிதர்களுக்கும் விதி உண்டு, அதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் சீசன் முடிவில் தம்பி சாமை உயிரோடு மீட்க டீன் தன் ஆன்மாவையே விற்று, ஒரு வருஷத் தவணை வாங்குகிறான். மூன்றாம் சீசன் முடிவில் நரக நாய்கள் வந்து அவனைக் கிழிக்கின்றன. அதிலிருந்து, ஒருவன் செத்தால் இன்னொருவன் விடமாட்டான் என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. அப்படியானால் கடைசியில் சாம் ஏன் விட்டான்? எபிசோடிலேயே பதில் இருக்கிறது. என்னைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்யாதே என்று டீன் கேட்டுக்கொள்கிறான். கொட்டகையில் அந்த விடைபெறுதலை நிதானமாக, நீளமாக எடுத்திருக்கிறார்கள். இரண்டு நடிகர்களும் அதில் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லதை நல்லது என்று எழுதுகிறவரின் குறையைத்தான் எதிர்த்தரப்பு ரசிகரும் காது கொடுத்துக் கேட்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எபிசோடைத் திரும்ப ஓட்டிச் சரிபாருங்கள். "சாம் உதவிக்குப் போகக்கூட நினைக்கவில்லை" என்று பலர் எழுதுகிறார்கள். நினைக்கிறான், வாய்விட்டும் சொல்கிறான். என்னோடேயே இரு என்று டீன்தான் தடுக்கிறான். அவர்களுடைய நண்பனான தேவதூதன் காஸ்டியலைப் பற்றி, "காஸ்டியல் பேரையே எடுக்கவில்லை" என்பதும் அப்படித்தான். பை பலகாரத் திருவிழாவில் சாம் அவனை நினைத்துப் பேசுகிறான். செத்த பிறகு டீன் போய்ச் சேரும் சொர்க்கத்தில், அவர்களுக்கு அப்பா மாதிரி இருந்த பாபி, இந்த இடத்தைச் சீராக்க அவனும் உதவினான் என்கிறார். டீன் சிரிக்கிறான். சரிபார்த்துவிட்டால் உண்மையான குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். இரண்டே எபிசோடுக்கு முன்னால், டீனிடம் தன் அன்பைச் சொல்லி, அவனைக் காப்பாற்றத் தன்னையே கொடுத்துவிட்டுப் போனவன் காஸ்டியல். அவனுக்கு டீன் தரும் பதில் ஒரு புன்சிரிப்பு மட்டும். பெயர் வந்ததா என்பது கேள்வி இல்லை, கடன் தீர்ந்ததா என்பதுதான் கேள்வி. இப்படி எழுதினால் யாரும் வெட்டிப் பேச முடியாது.

"ஏன் அவனுக்கு மட்டும்" என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் கொட்டகையில் ஜென்னி என்று ஒருத்தி வருகிறாள். முதல் சீசனில் ரத்தக்காட்டேரிகள் பிடித்து மாற்றிய பெண். டீன் அடையாளம் கண்டுகொள்கிறான், அவளும் சீக்கிரமே வெட்டுப்படுகிறாள். அந்த மோதலில் அவளுக்கு என்ன வேலை? டீன் அன்றைக்கு அவளைக் காப்பாற்ற முடியாமல் போனதன் பாரம் இன்று அவன்மேல் விழுகிறது என்றாவது ஒரு கோடு இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வேறு யார் நின்றிருந்தாலும் காட்சி அப்படியேதான் இருந்திருக்கும். எந்தக் கதாபாத்திரத்தையும் இப்படி மாற்றிப்போட்டுப் பாருங்கள். மாற்றியும் காட்சி அசையவில்லை என்றால் அங்கே எழுத்து தளர்ந்திருக்கிறது.

தயாரிப்புச் சூழ்நிலையையும் கணக்கில் எடுங்கள். 2 எபிசோட் பாக்கி இருந்தபோது, 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது. ஆகஸ்டில்தான் திரும்பத் தொடங்கினார்கள். பழைய முகங்களைக் கூட்டமாகக் கூட்டி ஒரு வழியனுப்பு வைக்க முடியாமல் போனதற்கு எழுத்தாளரைத் திட்டுவது நியாயம் இல்லை. ஆனால் ஆட்கள் வர முடியாவிட்டாலும் அவர்கள் பேரைச் சொல்லலாம். வசனத்துக்குக் கொரோனா தடை போடவில்லை. எதை நோய் எடுத்தது, எதை எழுதாமல் விட்டார்கள் என்று பிரித்துக் காட்டினால் உங்கள் தீர்ப்பில் நேர்மை தெரியும்.

இனி அப்பாயியின் கடைசிக் கேள்வி. இங்கேதான் இந்த எபிசோட் விழுகிறது.

வீட்டாளுக என்ன ஆனாங்க? டீனின் உடலை எரித்து முடித்த பிறகு, இருவரும் குடியிருந்த பதுங்குமிடத்தில் சாம் தனியாக இருக்கிற காட்சி வருகிறது. எபிசோட் தொடக்கத்தில் டீனுக்கு அடித்த மாதிரியே அவனுக்கும் அலாரம் அடிக்கிறது, நாய் கூடவே இருக்கிறது, அண்ணன் அறை காலி. அதில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. அந்தத் தடத்திலேயே போயிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அதற்குப் பிறகு சாமின் மிச்ச வாழ்க்கை முழுவதும் பாட்டோடு துண்டு துண்டாக ஓடிவிடுகிறது. மகன் பிறக்கிறான், டீன் என்று பேர். தூரத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அவள் முகம் தெளியவே இல்லை. சாம் விரும்பிய ஐலீன் அவள்தானா? எபிசோட் சொல்லவில்லை. ஐலீன் பேரும் வரவில்லை. மகனுடைய கையில், பேய் பிடிக்காமல் காக்கிற அந்தப் பச்சை குத்தியிருக்கிறது. அப்படியானால் சாம் அவனுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தானா, அல்லது காவலுக்கு மட்டும் குத்திவிட்டானா? தங்கள் அப்பா தங்களை இந்தத் தொழிலில் வளர்த்ததுதான் சாமின் முதல் சண்டையே. அவனே அப்பாவாகி என்ன செய்தான் என்று கேட்பதற்கு இதைவிடப் பெரிய இடம் கிடையாது. அதைப் பச்சை குத்தலாகக் காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

இங்கே யானை அடித்துச் சாவு விழுந்தால், துக்கம் கேட்கப் போகிறவர்கள் யானையைப் பற்றிக் கொஞ்சநேரம்தான் பேசுவார்கள். அப்புறம் பேச்செல்லாம் வீட்டைப் பற்றித்தான். மூத்தவள் படிப்பு என்ன ஆகும், லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா, அந்தம்மாவுக்கு வேலை கிடைக்குமா. கதை அங்கேதான் தொடர்கிறது. சாமுக்கு அந்தப் பேச்சைக் கொடுக்காமல் நரைத்த டோப்பாவைக் கொடுத்தார்கள். டோப்பாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அந்த டோப்பா நன்றாக இருந்திருந்தாலும் அந்த மனைவிக்கு முகம் வந்திருக்காது.

குறை சொன்னால் பரிகாரமும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் ஆசைக்குப் புதுக்கதை எழுதாதீர்கள். இருக்கிற காட்சிகளை வைத்து, மிகக் குறைந்த செலவில் என்ன மாற்றலாம் என்று பாருங்கள். வயதான சாம், வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கும் அவர்களுடைய பழைய இம்பாலா காரில் தனியாக உட்காரும் காட்சி ஏற்கெனவே இருக்கிறது. மகன் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, பெரியப்பா எப்படி இருப்பார் என்று கேட்கட்டும். சாம் பதில் சொல்லத் தொடங்கட்டும். புது அரங்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். அப்பாயி எழுந்து போயிருக்க மாட்டார்.

நடிகர்களை, எழுத்தாளரை ஆள்மேல் ஏறித் திட்டாதீர்கள். பிடித்திருந்தது என்று சொல்பவர்களிடமும், எந்த இடம் பிடித்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் வாதாடுங்கள். என் சித்தப்பா மகனுக்கு சொர்க்கத்தில் ஒரு பாலத்தில் அண்ணனும் தம்பியும் திரும்பச் சந்திக்கும் முடிவு மிகவும் பிடிக்கும். "அக்கா, கடைசியில சேர்ந்துட்டாங்கல்ல, அது போதாதா?" என்பான். போதாது என்று நான் இன்னும் சொல்கிறேன். ஆனால் அவன் சொன்ன பிறகுதான் அந்தக் காட்சியை இன்னொரு தடவை ஒழுங்காகப் பார்த்தேன், அதில் நடிப்பு நன்றாக இருக்கிறது என்று என் விமர்சனத்தில் சேர்த்தேன்.

எழுதி முடித்ததும் தொடரைப் பார்க்காத ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "யாரு அது?" என்று அவர் நிறுத்திக் கேட்கும் இடத்தில் ஒரு வரி சேருங்கள். ஒரே குறையை இரண்டாம் தடவை சொன்ன இடத்தை வெட்டுங்கள். மேலே சீசன், எபிசோட் எண்ணும், கதை உடையும் என்ற எச்சரிக்கையும் போடுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்குப் பக்கத்திலும் அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறியுங்கள், மறுக்க நினைப்பவர் நேராக அங்கே போய்ப் பார்க்கட்டும். "எந்த இடத்துல பார்த்த?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.